இரண்டு பேருக்கான அறை

1

சனிக்கிழமை மத்தியானம் மரியதாஸ் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். நெடுந்தீவுப் பெடியன். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக் குசினியில் மூன்று மாதமாகக் கோப்பை கழுவுகிறான். அடுத்த மாதம் அவனுடைய மனைவியும் கைக்குழந்தையும் லண்டனுக்கு வந்து இறங்கப் போகிறார்கள். இப்போது அவன் இருப்பது ஆறு பேர் முறை வைத்துப் படுக்கும் ஓர் அறையில். இவன் எழும்பி வேலைக்கு வந்தால் இன்னொருவன் வேலை முடிந்து போய் அதே கட்டிலில் விழுவான். கட்டிலில் சூடு ஆறுவதில்லை. அதில் பிள்ளையை எந்த மூலையில் கிடத்துவது?

ஒரு துண்டுக் காகிதத்தில் நாலைந்து தொலைபேசி இலக்கங்களை எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தான்.

"அண்ணை, உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். போன் எடுத்தவுடனை எத்தினை பேர் எண்டுதான் முதல் கேக்கினம். மூண்டு எண்டு சொன்னாப் பிள்ளை இருக்கோ எண்டு கேட்டிட்டுப் படாரெண்டு வைக்கினம். இனி நான் ரண்டு பேர் எண்டு சொல்லவோ?"

நான் தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தேன். அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்று ஏழு வருடமாக நெஞ்சில் கிடக்கிறது. வாயைத் திறந்தால் முழுவதும் வந்துவிடும் போலிருந்தது. அவனிடம் அப்போது சொல்ல முடியாமல் போனதைத்தான் இப்போது எழுதுகிறேன். "லண்டனிலை இருக்கிறான், அவனுக்கென்ன குறை" என்று சரவணைச் சந்தியில் நின்று சொல்லுகிறவர்களும் வாசிக்கட்டும்.

2

நான் யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றில், சரவணையில் பிறந்து வளர்ந்தவன். வீட்டுக்கு வாடகை என்ற பேச்சை அங்கே நான் கேட்டதே இல்லை. வாடகை என்றால் காருக்கு, கலியாண வீட்டுப் பெற்றோல்மாக்சுக்கு. வீடு என்பது பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போவது. அதை ஒருவன் மாதா மாதம் காசு கொடுத்து இருப்பதற்குக் கேட்டால் அவனுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லையோ என்று பரிதாபப்பட்டிருப்பார்கள்.

எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தெற்கில் கடை வைத்திருந்தவர்கள். குடும்பத்தையும் அங்கே கூட்டிக்கொண்டு போகும்போது ஊர் வீட்டில் விளக்கு வைக்க ஆள் தேடுவார்கள். "வந்து இருங்கோ, காசு கீசு ஒண்டும் வேண்டாம்" என்று கேட்டு, வருகிறவர்களுக்குத் தென்னையில் விழும் தேங்காயையும் எடுக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதிலும் பிள்ளைகள் நிறைய உள்ள குடும்பமாகத்தான் பார்ப்பார்கள். பிள்ளைகள் ஓடித் திரிந்தால் வீட்டுக்குள் பாம்பு பூச்சி அண்டாது, சுவர் உயிரோடு இருக்கும் என்று சொல்லுவார்கள். எங்கள் பக்கத்து வளவில் ஏழு பிள்ளைகளோடு ஒரு குடும்பம் அப்படித்தான் பதினொரு வருடம் இருந்தது.

இந்த அறிவோடுதான் நான் லண்டனில் அறை தேடப் புறப்பட்டேன். நான் வந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு, எழுபத்தைந்தில், மனைவி பரமேஸ்வரியும் மகள் நாகராணியும் வந்தார்கள். ராணிக்கு அப்போது ஐந்து வயது. நான் இருந்த இடம் ஆண்கள் மட்டும் தங்கும் விடுதி. ஒரு சிநேகிதனின் வீட்டு முன்னறையில் மூன்று கிழமைக்கு இடம் கிடைத்தது. அதற்குள் ஏதாவது பிடிக்க வேண்டும்.

இங்கே பத்திரிகை விற்கும் கடைகளின் கண்ணாடியில் சின்னச் சின்ன மட்டைகளில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அறை வாடகைக்கு. அதற்குக் கீழே, பிள்ளைகள் கூடாது, நாய்கள் கூடாது. பிள்ளையும் நாயும் ஒரே வரியில். வேலை முடிந்து வரும் வழியெல்லாம் அந்த மட்டைகளை வாசித்துக்கொண்டு வருவேன். இலக்கத்தைக் குறித்து, தெருவோரத் தொலைபேசிக் கூட்டுக்குள் நுழைந்து நாணயத்தைப் போடுவேன். சிலர் என் குரலைக் கேட்டவுடன் அறை இப்பொழுதுதான் போய்விட்டது என்பார்கள். சிலர் பெயரைக் கேட்டுவிட்டுச் சொல்லுவார்கள். அதையும் தாண்டினால் பிள்ளை. பிள்ளையும் பரவாயில்லை என்று சொன்ன இரண்டு பேர் கேட்ட வாடகைக்கு என் சம்பளம் முழுவதையும் கொடுத்துவிட்டு மூன்று பேரும் காற்றைக் குடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

பார்க்கவென்று கூப்பிட்ட நாலைந்து இடங்களிலும் நான் ஒரு விசர் வேலை பார்த்தேன். உள்ளே போனவுடன் குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் ஏந்திக் குடித்துப் பார்த்தேன். எங்கள் தீவில் வீடு பார்ப்பது என்றால் கிணறு பார்ப்பதுதான். ஆவணி மாதத்தில் எந்தக் கிணறு உவர்க்கும், எது தாங்கும் என்று தெரியாமல் ஒருவனும் சீதனம் பேசி முடிக்க மாட்டான். சுவர் எப்படி, கூரை எப்படி என்பதெல்லாம் பிறகு. வீட்டுக்கு வந்தால் பரமேசுவும் அதைத்தான் முதலில் கேட்பாள்.

"தண்ணி என்ன மாதிரி?"

"நல்ல தண்ணி."

"அப்ப எடுங்கோவன்."

எடுக்க விட்டால்தானே.

3

இந்த இடத்தில் எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தீவுப் பகுதி ஆட்களுக்கு இது புதினமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன்.

ராணிக்கு முதல் எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஒன்று பிறந்த அன்றே போனது. மற்றது எட்டு மாதம் இருந்து, காய்ச்சல் கண்டு, ஊர்காவற்றுறைக்குக் கொண்டு போகும் வழியில் பரமேசுவின் மடியிலேயே போனது. மூன்றாவதாக ராணி பிறந்தபோது பரமேசு பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவே பயந்தாள். இவளும் தங்க மாட்டாள் என்று அவளுக்கு நிச்சயம். என் அக்காதான் வழி சொன்னா.

"பிள்ளையை அம்மனுக்குக் குடுத்திடுவம். நான் விலைக்கு வாங்கிறன். உங்கடை பிள்ளையில்லை எண்டா ஒருத்தரும் வந்து கொண்டு போகமாட்டினம்."

புங்குடுதீவுத் துறையில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போனோம். முப்பத்தொரு நாள் பிள்ளையைக் கோயில் மண்டபத்தில் வெறுந்தரையில் கிடத்தினோம். குருக்கள் அதைத் தூக்கி அம்மனுக்கு என்று சொன்னார். அக்கா ஒரு கொத்துத் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினா. பிறகு வள்ளத்தில் திரும்பி வரும்போது அதைப் பால் கொடுக்கும்படி பரமேசுவின் கையில் தந்தா. அன்றிலிருந்து பிள்ளை அக்காவுடையது. நாங்கள் வளர்க்கிறவர்கள். அக்காவைத்தான் ராணி "அம்மா" என்று கூப்பிடுவாள். நான் அக்காவின் தம்பி என்றபடியால் மாமா, பரமேசு மாமி. பிள்ளை வயதுக்கு வந்து பெரியபிள்ளையானதும் மறுபடி நயினாதீவுக்குப் போய், தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, பிள்ளையை மீட்க வேண்டும். அதுவரை தவறியும் எங்களை அப்பா, அம்மா என்று கூப்பிடக் கூடாது.

நான் இதையெல்லாம் பெரிதாக நம்புகிறவன் இல்லை. ஆனால் பிள்ளை தங்கிவிட்டது. தங்கிய பிறகு யார் சோதித்துப் பார்ப்பார்கள்?

ராணிக்குத் தான் யாருடைய வயிற்றிலிருந்து வந்தவள் என்று தெரியும். நாங்கள் ஒளித்ததில்லை. "அம்மா எண்டு ஏன் கூப்பிடக்கூடாது?" என்று நாலு வயதில் ஒருமுறை கேட்டதற்கு, "கூப்பிட்டா ஆபத்து வரும்" என்று மட்டும் பரமேசு சொல்லியிருக்கிறாள். யாருக்கு என்று சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது.

4

மூன்று கிழமை முடிய நாலு நாள் இருக்கையில் ஒரு மட்டை கண்ணில் பட்டது. மூன்றாம் மாடி அறை, அதற்குள்ளேயே சமைக்க ஒரு மூலை, இரண்டு பேருக்கு மட்டும், பிள்ளைகள் கூடாது. வாடகை என் சம்பளத்துக்குள் அடங்கியது. பிள்ளையை விட்டுவிட்டுப் போக இடமில்லாததால் மூன்று பேருமாகப் போனோம். வாசலில் நின்று காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்ப்போம் என்பதுதான் என் யோசனை.

கதவைத் திறந்தது ஒரு வயதான வெள்ளைக்காரி. தனியாக இருப்பவள். ஒரு நொண்டிப் பூனை அவளின் காலடியில் நின்றது. எங்களைப் பார்த்தாள். ராணியைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"பிள்ளைகள் கூடாது என்று எழுதியிருந்தேனே."

நான் வாயைத் திறப்பதற்குள் ராணி பரமேசுவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "மாமி, பூனைக்குக் கால் நோகுதோ?"

"என்ன கேட்கிறாள்?" என்றாள் வீட்டுக்காரி.

நான் சொன்னேன். பூனையின் காலைப் பற்றித் தன் மாமியிடம் கேட்கிறாள் என்று அப்படியே சொன்னேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

"ஓ, மருமகளா? உங்களைப் பார்க்க வந்திருக்கிறாளா?" அவளின் முகம் இளகியது.

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். பரமேசு என்னைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு நிலத்தைப் பார்த்தாள். வீட்டுக்காரி மேலே கூட்டிக்கொண்டு போய் அறையைக் காட்டினாள். நான் குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தேன். நல்ல தண்ணீர். அலுமாரிக்குப் பின்னால் சுவர் முழுவதும் கறுப்பாய்ப் பூஞ்சணம் பூத்திருந்தது. அதை நான் பார்த்தது குடிவந்து ஒரு கிழமைக்குப் பிறகு. வாடகைப் புத்தகத்தில் என் கையாலேயே நிரப்பினேன். ஆட்கள், இரண்டு. பிள்ளைகள், இல்லை. கீழே கையெழுத்து.

பிள்ளைகள் இல்லை என்று ஒரு நிமிடமும் யோசிக்காமல் எழுதினேன். அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

"சனி ஞாயிறிலை மட்டும் வந்து போற பிள்ளை" என்று ராணிக்குச் சொல்லிக் கொடுத்தோம். மற்ற நாட்களில் அவள் அந்த வீட்டில் இல்லை. இல்லாத பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று ஐந்து வயதில் பழகினாள். தெருக்கதவைத் தாண்டியதும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். படிக்கட்டில் எந்தப் பலகை கிறீச்சிடும் என்று எங்களைவிட அவளுக்குத்தான் தெரியும். அதில் கால் வைக்காமல் தாண்டுவாள். இருமல் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து இருமுவாள். அந்தச் சுவர் ஈரத்துக்கு இருமலும் அடிக்கடி வந்தது. விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாலும் வாய்விட்டு அழமாட்டாள். கண்ணால் மட்டும் நீர் ஓடும்.

ஒருநாள் அவளுடைய பாட்டுச் சத்தத்தை நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை. சரவணையில் இவளின் வயதுப் பிள்ளைகள் கத்துகிற கத்தலில் தென்னையில் இருக்கும் காகம் எழும்பிப் பறக்கும். நான் இவளை ஊமையாக வளர்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு பேருக்கான வாடகையில்.

"இஞ்சாருங்கோ, வேறை இடம் பாப்பமே?" என்று பரமேசு கேட்பாள். பார்த்தேன். ஒரு வருடமும் நாலு மாதமும் பார்த்தேன். கிடைக்கவில்லை.

5

கடைசியில் ஒரு கடித உறைதான் காட்டிக்கொடுத்தது. பள்ளிக்கூடத்திலிருந்து பல் வைத்தியர் வருவதைப் பற்றி ஒரு கடிதம். உறையில், நாகராணியின் பெற்றோர் அல்லது பாதுகாவலருக்கு என்று அச்சடித்து, எங்கள் விலாசம். தபால்காரன் கதவுக்கு உள்ளே போட்டதை வீட்டுக்காரி எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கட்டிலின் அடியில் ராணியின் மூன்று சோடிச் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. அதைப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளை இங்கேதான் இருக்கிறது" என்றாள். "இவ்வளவு காலமும்."

"ஓம்" என்றேன் தமிழில். பிறகு இங்கிலீசில் சொன்னேன்.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் தந்திருப்பீர்களா?"

"இல்லை" என்றாள். நல்ல மனுஷி. பொய் சொல்லவில்லை. நாலு கிழமை தவணை தந்தாள்.

அந்த நாலு கிழமையும் நான் நாயாய்ப் பேயாய் அலைந்தேன். ஒன்றும் சரிவரவில்லை. வேலையிடத்தில் ஒருவர் சொன்னார், பிள்ளையோடு தெருவுக்கு வருகிற குடும்பத்துக்கு நகரசபை இடம் கொடுக்கும், பிள்ளை இல்லாதவர்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடும் என்று. ஒளித்து வைத்த பிள்ளையை இப்போது கையைப் பிடித்து முன்னால் நிறுத்த வேண்டும். கடைசிக் கிழமையில் மூன்று பேருமாக நகரசபை வீட்டுப் பகுதிக்குப் போனோம். மரவாங்கில் இரண்டரை மணித்தியாலம் இருந்தோம். சாமான்களை ஏற்கெனவே பெட்டிகளில் கட்டி வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை அறையை விட வேண்டும். இவர்கள் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் எங்கே நிற்போம் என்று எனக்குத் தெரியாது.

உள்ளே இருந்தது ஓர் இளம்பெண். மரியாதையாகத்தான் பேசினாள். வாடகைப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இதிலே பிள்ளைகள் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது உங்கள் கையெழுத்தா?"

"ஓம். அது பொய்."

"பிள்ளையின் பத்திரம்?"

பிறப்புப் பத்திரம் இருந்தது. முழுவதும் தமிழில். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொண்டுவரச் சொன்னாள். அதற்குக் கிழமைக் கணக்காகும். பரமேசுவின் கடவுச்சீட்டில் பிள்ளையின் பெயர் இருந்தது. ஆனால் கடவுச்சீட்டு விசா நீடிப்புக்குப் போயிருந்தது. நான் பற்றுச்சீட்டைக் காட்டினேன். பற்றுச்சீட்டில் பிள்ளையின் பெயர் இல்லை.

அந்த நேரம் பார்த்து ராணி, "மாமி, எனக்கு மூத்திரம் வருகுது" என்றாள். அந்தப் பெண்ணுக்கு எங்கள் பாஷை தெரியாது. ஆனால் அவள் முன்பு ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்த்திருக்கிறாள் போல. "அம்மா என்றுதானே உங்கள் பிள்ளைகள் கூப்பிடுவார்கள்? இவள் வேறு ஏதோ சொல்லுகிறாளே?"

நான் மாமி என்றால் என்ன என்று சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. நேர்மையாக இருந்தால் விளங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். பிள்ளைகள் இரண்டு செத்ததைச் சொன்னேன். கோயிலைச் சொன்னேன். பிறகு, எனக்குத் தெரிந்த இங்கிலீசில், "ஆகையால் நாங்கள் இவளை விற்றோம். என் அக்கா வாங்கினா" என்றேன்.

அவளின் பேனை நின்றது.

"விற்றீர்களா?"

"காசுக்கு இல்லை. தவிட்டுக்கு." தவிட்டுக்கு இங்கிலீசில் என்ன சொல்வது என்று தெரியாமல், மாட்டுக்குப் போடுவது என்றேன்.

அவள் எழும்பி உள்ளே போனாள். திரும்பி வரும்போது நரைத்த தலையோடு ஒருவர் கூட வந்தார். அவர் உட்காரவில்லை. பிள்ளைகளைப் பார்க்கும் பகுதிக்கும் அறிவிக்க வேண்டியிருக்கலாம் என்றார். வீடு கேட்க வந்த இடத்தில் பிள்ளையையும் பறித்துக்கொண்டு அனுப்பப் போகிறார்களோ என்று நினைத்தேன். பரமேசு இங்கிலீசு விளங்காவிட்டாலும் என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். ராணியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அவர் குனிந்து ராணியிடம் இதமாகத்தான் கேட்டார். "பயப்படாதே. இவர்தான் உன்னுடைய அம்மாவா?"

ராணி பரமேசுவைப் பார்த்தாள்.

நான் பரமேசுவுக்குக் கேள்வியைச் சொன்னேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஆறு வருடத்துக்கு மேலாக அவள் தன்னைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள். மூன்றாவதைக் காப்பாற்ற அந்தச் சொல்லை விட்டுக்கொடுத்தவள். அவள் சொன்னாள்.

"ராணி, அம்மா எண்டு சொல்லு. பறவாயில்லை. நான்தான் அம்மா எண்டு அவருக்குச் சொல்லு."

ராணி மெதுவாக இல்லையென்று தலையை ஆட்டினாள். பள்ளிக்கூடத்து இங்கிலீசில், பிசகில்லாமல், நாங்கள் சொல்லிக் கொடுத்தபடியே சொன்னாள்.

"இல்லை. இவர் என்னுடைய மாமி. நான் சனி ஞாயிறில் மட்டும்தான் வருவேன்."

இளம்பெண் அதை எழுதிக்கொண்டாள்.

6

பஸ் நிறுத்தத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ராணியை அடிக்கக் கை ஓங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பரமேசு இடையில் வந்து நின்றாள்.

"மாமி, நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்றாள் ராணி.

"இல்லை, பிள்ளை."

"அம்மா எண்டு சொன்னா ஆபத்து வரும் எண்டு சொன்னனீங்கள். நீங்கள் செத்துப் போவியள் எண்டு பயந்திட்டன்."

பரமேசு ஈர வாங்கில் அப்படியே இருந்துவிட்டாள். "எனக்கில்லையடி. உனக்கு வந்திடும் எண்டுதான் நான் பயந்தனான்."

ராணி அவளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"எனக்கெண்டு தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பன்" என்றாள்.

பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸில்தான் ஏறினோம்.

வெள்ளிக்கிழமை பரமேசுவும் ராணியும் ஒரு சிநேகிதன் வீட்டுக் குசினித் தரையில் படுத்தார்கள். நான் வேலையிடத்தில் உடுப்பு மாற்றும் அறையில் ஒருவருக்கும் தெரியாமல் படுத்தேன். அப்படிப் பதினொரு கிழமை. பிள்ளைகள் பகுதியிலிருந்து ஒரு பெண்மணி இரண்டு தரம் வந்து ராணியைத் தனியே வைத்துப் பேசினா. மொழிபெயர்ப்பு வந்தது. கடவுச்சீட்டு வந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன். கடைசியில் இந்த ஐந்தாம் மாடி வீட்டைத் தந்தார்கள். இரண்டு அறை, வாடகை கட்டுப்படியாகும். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. சுவர் காய்ந்த சுவர். வீட்டுத் திறப்பைக் கையில் தந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அன்று அந்த நகரசபைக் கந்தோரில் சொன்ன ஒரு சொல்லுக்காகப் பரமேசு இன்னும் பயந்துகொண்டு இருக்கிறாள். ராணிக்குத் தலையிடி என்றாலும் முகம் வெளிறிப்போகும். இந்த வருடம் ராணி பெரியபிள்ளையானாள். "கூட்டிக்கொண்டு வா, தம்பி. பிள்ளையைத் திருப்பித் தாறன். எனக்கும் வயசு போகுது" என்று அக்கா எழுதியிருக்கிறா. கடவுச்சீட்டுகள் மறுபடி விசாவுக்குப் போயிருக்கின்றன. எப்போது திரும்பும் என்று ஒருவருக்கும் தெரியாது. ராணி இப்போதும் மாமா, மாமி என்றுதான் கூப்பிடுகிறாள். தமிழில் அதுவும் வர வரக் குறைந்துகொண்டு போகிறது. அக்காவுக்கு அவள் எழுதும் கடிதத்தில் "அன்புள்ள அம்மாவுக்கு" என்பது மட்டும் தமிழில் இருக்கும். மிச்சம் இங்கிலீசு. அக்கா அதைத் தபாற்கந்தோரில் கொடுத்து வாசிப்பிக்கிறாவாம்.

7

சனிக்கிழமைக்கு வருகிறேன். மரியதாஸ் கேட்ட கேள்வி மேசையில் கிடந்தது. நான் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் கதவைத் திறந்துகொண்டு ராணி வந்தாள். நூலகத்துக்குப் போய்விட்டு வருகிறாள். பன்னிரண்டு வயது, பரமேசுவின் உயரம். ஒரு கையில் புத்தகங்கள். மற்றக் கையில் சப்பாத்துகள்.

ஐந்து மாடியும் சீமெந்துப் படி. கீழே இருப்பவர்களுக்குக் காது கேட்காது. ஒருவரும் எங்களை ஒன்றும் சொன்னதில்லை. ஆனாலும் தெருக்கதவைத் தாண்டியதும் அவள் கழற்றிவிடுவாள். அவள் வந்ததே எங்களுக்குக் கேட்கவில்லை.

மரியதாஸ் சிரித்தான். "ஏன் பிள்ளை, சப்பாத்து கடிக்குதோ?"

"இல்லை" என்றாள். "பழக்கம்."

நான் அவனின் துண்டுக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்தேன்.

"தம்பி, மூண்டு பேர் எண்டு சொல்லும்."

"சொன்னா ஒருத்தரும் தரமாட்டினமே, அண்ணை. அடுத்த மாதம் வந்திடுவினம். எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

"தரமாட்டினம்தான். கிடைக்கிறமட்டும் இஞ்சை வந்து இருங்கோ. ரண்டாவது அறையை எடுக்கலாம்."

இந்த வீட்டில் வெளி ஆட்களை வைத்திருக்கக் கூடாது என்று நான் கையெழுத்து வைத்திருக்கிறேன். அது எனக்கு நினைவில்லாமல் இல்லை. குசினியிலிருந்து பரமேசு எட்டிப் பார்த்தாள். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். "பிள்ளைக்கு எத்தினை மாதம்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆறு மாதம், அக்கா." அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா அண்ணை, முதலே சொல்லிப்போடவேணும். அவன் அழத் துவங்கினா நிப்பாட்டேலாது எண்டு மனுசி எழுதியிருக்கிறா. நெடுந்தீவு முழுக்கக் கேக்குமாம்."

ராணி இன்னும் வாசலிலேயே நின்றாள். கையிலிருந்த சப்பாத்துகளைச் சுவரோரம் போட்டாள். அவை தரையில் விழுந்த சத்தம் அறையெல்லாம் கேட்டது.

"அழட்டும்" என்றாள்.